சத்தம் வராத இரண்டு எழுத்துகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டுப் பிரித்தாகிவிட்டது. மற்ற சேதியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் குட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக அது மனசுக்குள்ளேயே கிடக்கிறது.

போனில் கேட்டாளே, "பாட்டி, டாட்டர்ல நடுவுல ஜி எச் எதுக்கு? சத்தமே வரலையே?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நீ, "பாட்டிக்கு வேலை இருக்கும், வை" என்றாய். எனக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். குட்டியைத் தூங்க வைக்கும் நேரம், அதனால் சொன்னாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறம் உன்னிடமிருந்து போனே வரவில்லை. நான் நாலு வரி எழுதி அனுப்பினால் "ம்" என்று வருகிறது. இல்லையென்றால் "சரிம்மா". ஒரு நாள் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. வேலை அதிகம் என்று தெரியும். ராத்திரி கண் விழிக்காதே. எத்தனை வேலை இருந்தாலும் பத்தரைக்குப் படுத்துவிடு.

குட்டியிடம் இப்படிச் சொல். அந்த ஜி எச்சுக்கு ஒரு காலத்தில் சத்தம் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் மகளை 'தோஹ்தோர்' என்றார்கள். நடுவில் வரும் ஹ், தொண்டையை உரசிக்கொண்டு வெளியே வரும் ஒரு மூச்சு. முதலில் அதை வெறும் எச் போட்டுத்தான் எழுதினார்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் வந்து சேர்ந்தார்கள். அதே மூச்சை ஜி எச் என்று இரண்டு எழுத்தாக எழுதும் வழக்கம் அதற்குப் பின்னால் நிலைத்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல மெல்ல மாறாமல் உறைந்துபோனது. ஜனங்களின் வாய் மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த இருநூறு ஆண்டுக்குள் பெரும்பாலோர் பேச்சில் அந்த மூச்சு அடங்கிவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் மகளை 'டோஹ்டர்' என்று அந்த மூச்சோடுதான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சிலும் அது இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'துஹிதா' என்கிறார்களே, அதுவும் இதே வம்சம்தான்.

இதைப் படித்த அன்று 'மகள்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நீயும் ஒரு தடவை சொல்லிப் பார். 'கல்' என்னும்போது வரும் க கெட்டியானது. 'மகள்' என்னும்போது அதே க நெகிழ்ந்து, தொண்டையிலிருந்து மூச்சாகக் கசிகிறது. ஆங்கிலம் தொலைத்த சத்தம் கிட்டத்தட்ட அதுதான்! நம் சொல்லுக்கும் அவர்கள் சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தற்செயலாக அமைந்தது. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். மணி பதினொன்று ஆகியிருந்தது, வைத்துவிட்டேன். நீ படுத்திருப்பாய். படுத்திருந்தாய் அல்லவா?

நீல நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு வீடு மாறியபோதும் அதை மட்டும் கைப்பையில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு நாம் இரண்டு பேரும் உட்காருவோமே, ஒரு நாளைக்குப் பத்துச் சொல். ஒரே எழுத்துக்கூட்டம் உள்ள சொற்களை ஒரே பக்கத்தில் எழுதினால் மனசில் தங்கும் என்பது நானாகக் கண்டுபிடித்த முறை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீ அவற்றை விரலால் தொட்டு, "இவங்கல்லாம் ஒரே வீட்டுக்காரங்களாம்மா?" என்று கேட்பாய். நானும் ஆமாம் என்பேன். ஓ யு எல் டி வீட்டில் மூன்று பேர், வுட், ஷுட், குட். ஐ ஜி எச் டி வீட்டில் லைட், நைட், ரைட், டிலைட் என்று பெரிய கூட்டம். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் நோட்டில் இருந்த அத்தனை சொல்லையும் எழுத்துப் பிசகாமல் சொல்வாய். பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். எனக்கு அப்போது இருந்த பெருமை, நீ வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட இருந்ததில்லை.

இப்போது பார்த்தால் அந்த வீடுகளிலேயே வெளியாட்கள் இருந்திருக்கிறார்கள். குட் என்று நாம் சொல்லும் அந்தச் சொல்லில் ஆதியில் எல் கிடையாதாம். வுட், ஷுட் இரண்டிலும் எல் இருப்பதைப் பார்த்து இதற்கும் ஒன்று சேர்த்துவிட்டார்கள். டிலைட் பிரெஞ்சிலிருந்து வந்தது, அதில் ஜி எச் இருந்ததே இல்லை. லைட்டைப் போல் ஒலிக்கிறதே என்று யாரோ உள்ளே செருகிவிட்டார்கள், அது அப்படியே தங்கிவிட்டது. இறுமாப்பைக் குறிக்கும் ஹாட்டியும் அப்படித்தான், உயரம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, நாட்டியைப் பார்த்து ஜி எச் ஒட்டிக்கொண்டது. நாட்டிக்குத்தான் பெரிய கதை. நாட் என்றால் ஒன்றுமில்லாதது. ஆகவே முதலில் நாட்டி என்றால் கையில் ஒன்றுமில்லாத ஏழை. பிறகு கெட்டவன் என்று ஆயிற்று. அதற்கும் பிறகு, குறும்பு செய்யும் குழந்தை. சின்ன வயதில் உன்னை எத்தனை தடவை நாட்டி கேர்ள் என்று திட்டியிருப்பேன். நீ அப்படி ஒன்றும் குறும்புக்காரி இல்லை. தம்பிதான் குறும்பு. நீ சொன்ன இடத்தில் உட்காரும் பிள்ளை.

தம்பி போன வாரம் வந்தான். உன்னைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் அலுவலகத்தில் ஏதோ பெரிய கூட்டமாம், வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம், உன்னைப் பேசச் சொன்னார்களாம், நீ உன்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண்ணை அனுப்பிவிட்டாயாம். அவள் பேசியது ஒரு வரி விடாமல் நீ எழுதிக் கொடுத்ததாம். "அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாரும்மா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. உன் வேலை உனக்குத் தெரியும்.

கண்ணாடி பவர் பார்த்தாயா? போன வருஷமே பார்க்கிறேன் என்றாய்.

குட்டி கொஞ்சம் பெரியவளானால் ஓ யு ஜி எச் கூட்டத்துக்கு வருவாள். அப்போது அவளை அவசரப்படுத்தாதே. நாலே எழுத்து, ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு சத்தம். 'ஆனாலும்' என்பதற்குத் தோ. அதில் டி எச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆர் சேர்ந்தால் த்ரூ, 'வழியாக'. கடைசியில் ஒரு டி சேர்ந்தால் தாட், 'எண்ணம்'. டஃப் என்றால் கடினம். காஃப் என்றால் இருமல். பவ் என்றால் மரக்கிளை. விக்கலுக்கு ஹிக்கப் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கும் சிலர் கடைசியில் இந்த நாலு எழுத்தையே போடுகிறார்கள். இருமலுக்கு உறவு என்று நினைத்துப் போட்டதாம், உண்மையில் உறவு இல்லை. ஏழு சொல், ஏழு உச்சரிப்பு. இதற்கெல்லாம் விதி சொல்லி மாளாது. ஒவ்வொரு சொல்லையும் யாராவது சொல்ல ஒரு தடவை காதால் கேட்டாக வேண்டும். வேறு வழி கிடையாது.

நமக்கு அது புரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நாம் எழுதியிருப்பதை எழுதியபடி படித்துப் பழகியவர்கள். க எங்கே கெட்டி, எங்கே நெகிழ்ச்சி என்பது அது நிற்கும் இடத்தை வைத்தே தெரிந்துவிடும், ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு ஆங்கிலம் காது வழியாக வரவில்லை, கண் வழியாக வந்தது. எங்கள் வகுப்பில் பாடத்தைத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். நான் பார்த்து எழுதி, பார்த்துப் படித்து, அகராதியை வைத்துக்கொண்டு பொருள் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். உன் வயதில் எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும், பேச வராது. பத்துச் சொல்லுக்கு மூன்று சொல்லாவது எப்படி ஒலிக்கும் என்று நானாக ஊகித்ததுதான். அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இனிமேல் எழுதப்போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது தாள்.

ஏ யு ஜி எச் டி பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். நோட்டில் அது 41-ஆம் பக்கம். டாட், காட், டாட்டர், நாட்டி, அப்புறம் லாஃப்டர். லாஃப்டர் எப்படி ஒலிக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும், பள்ளியில் டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஸ்லாட்டர். அதை நான் யார் சொல்லியும் கேட்டதில்லை. எழுத்தைப் பார்த்தேன். லாஃப்டருக்கு முன்னால் ஓர் எஸ், அவ்வளவுதான். "சிரிப்புக்கு முன்னாடி ஒரு எஸ் போட்டா படுகொலை, பாத்தியா!" என்று உனக்கு வேடிக்கை காட்டினேன். நீ கைதட்டினாய். மறக்காமல் இருக்க, அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் 'ஸ்லாஃப்டர்' என்று எழுதினேன்.

அப்புறம் அந்த வாசிப்புப் போட்டி. உனக்குப் பதினோரு வயது. போர்க்களத்தைப் பற்றிய பத்தி. மூன்றாவது வரிசையில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். நீ தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாய். நன்றாகத்தான் படித்தாய். அந்தச் சொல் வந்தது, 'ஸ்லாஃப்டர்' என்றாய். முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. அதே சொல் பத்தியில் இன்னொரு தடவையும் வந்தது. இரண்டாவது தடவை அதை நீ மெதுவாகச் சொன்னாய். கீழே இருந்தவர்கள் முதல் தடவையைவிடப் பலமாகச் சிரித்தார்கள். தாளின் அடி ஓரம் ஆடிக்கொண்டே இருந்தது. நீ நிறுத்தவில்லை, கடைசி வரி வரைக்கும் படித்தாய்.

வரும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், "அம்மா, நீ சொன்ன மாதிரிதானே சொன்னேன்?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். "நான் அப்படிச் சொல்லித் தரவே இல்ல. நீ சரியாக் கேக்கல" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்குச் சரியான உச்சரிப்பு தெரியாது. அதனால் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று ராத்திரி நீ தூங்கிய பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தேன். உச்சரிப்புக் குறியில் எஃப் இல்லை. டாட்டரைப் போல ஸ்லாட்டர், அவ்வளவு எளிது. சரி, காலையில் உன்னை எழுப்பி, அம்மா தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. நான் செய்தது வேறு. ரப்பரை எடுத்து, 41-ஆம் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை அழித்தேன். தாள் கிழியாமல் மெதுவாக, துகளை ஊதிவிட்டு, சுத்தமாக அழித்தேன்.

மறுநாள் காலையில் நீ நோட்டைத் திறந்து பார்த்தாய். நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தாய். அப்புறம் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாய். தன் காதுதான் தப்பு என்று என் பிள்ளை நம்பிவிட்டாள் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. பேசாமல் நின்றேன். என்னைப் பற்றி உனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்வாய். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உன்னுடைய நம்பிக்கையை எடுத்து என்னுடைய மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நீ போட்டிக்குப் போகவில்லை. கல்லூரியில் பேசக் கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்றாய். கல்யாணத்துக்கு முன் வேலைக்கான நேர்காணலுக்கு முதல் நாள் ராத்திரி, என்னென்ன சொல்லப் போகிறாய் என்பதை முழுக்க எழுதி, சொல் சொல்லாக அகராதியில் உச்சரிப்புப் பார்த்துக்கொண்டிருந்தாய். மணி இரண்டு. எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்து எழுந்தபோது பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். உனக்குத் தெரியாத சொல் ஒன்றுமே அந்தத் தாளில் இருந்திருக்காது.

ஆகையால் தம்பி சொன்ன அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ உண்மையிலேயே அந்தப் பெண் முன்னுக்கு வரட்டும் என்று அனுப்பியிருக்கலாம். உனக்கு அந்த மனசு உண்டு. அப்படியானால் நான் எழுதியதையெல்லாம் கிழவியின் புலம்பல் என்று விட்டுவிடு. அப்படி இல்லாவிட்டால், உன் காதில் ஒரு தப்பும் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் சொன்னதை அப்படியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல் சொன்னாய். உன்னை மாதிரி கவனமாகக் கேட்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது. தெரிந்தே மறைத்ததும் நான்தான்.

எனக்குக் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு தடவையாவது அந்தச் சொல்லின் சரியான உச்சரிப்பு காதில் விழுந்திருக்கும். அன்றைக்கே நேரே வந்து, "நீதானேம்மா அப்படிச் சொல்லிக் கொடுத்தே?" என்று கேட்டிருக்கலாமே. தம்பியாயிருந்தால் சண்டை போட்டிருப்பான். நீ ஒன்றையும் கேட்காமல் "சரிம்மா" என்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா". அதைக் கேட்டுக் கேட்டு நான் நல்லபடி வளர்த்ததாக நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே தெரிகிறது, கேட்கும்படி நான் உன்னை விட்டுவைக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாய், அதற்கு நான் சொன்ன பதில் அது.

இன்னொன்று தெரிந்துகொண்டேன். லாஃப்டரும் ஸ்லாட்டரும் ஒரே வீடு என்று உனக்குச் சொன்னேனே, அதுவும் தப்பு. ஒன்று பழைய ஆங்கிலச் சொல். மற்றது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அந்தத் தொண்டை மூச்சு சில சொல்லில் அடியோடு அடங்கியது, சில சொல்லில் உதட்டுக்கு வந்து எஃப் ஆனது. லாஃப், காஃப், ரஃப், டஃப், இனஃப் எல்லாம் அப்படி உதட்டுக்கு வந்தவை. ஒரு வட்டாரத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு வட்டாரத்தில் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதோ ஒன்று நிலைத்துவிட்டது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சொல்லில் ஒன்றை மட்டும் வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியவே முடியாது. அந்த நடுவரும்கூட எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டதால்தான் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

நாமும் அந்த எஃப் சத்தத்துக்கு ஆய்த எழுத்தைத்தான் போடுகிறோம், கவனித்தாயா? அஃது, எஃகு என்று சொல்லிப் பார், ஃ வருமிடத்தில் ஒரு மூச்சு உரசிக்கொண்டு போகும். அந்த எழுத்தை எடுத்து ப-வுக்கு முன்னால் போட்டு லாஃப்டர் என்று எழுதுகிறோம். அங்கே ஒரு மூச்சு எஃப் ஆனது, இங்கேயும் மூச்சுக்குரிய எழுத்தே எஃப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. குட்டிக்கு இதைச் சொன்னால் பிடிக்கும். அவளுக்கு அந்த மூன்று புள்ளி எழுத்தை வரையப் பிடிக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. நீ சொல்வாய், நான்தான் சொல்லாதவள். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாளே அவளிடம் சொல்லிவிடு. அவள் படிக்கும்போது பிசகினால் அந்த நிமிஷத்தில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவர் விளையாட்டாகச் சிரித்துவிடுவார்.

ராத்திரி சீக்கிரம் படு. கண்ணாடியை இந்த மாசமே பார்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். எனக்கு வேலை ஒன்றும் இருக்காது. பேச வேண்டாம் என்று தோன்றினால் குட்டியிடம் கொடு, அவள் அடுத்த கேள்வியைக் கேட்கட்டும். எனக்குத் தெரியாததாக இருந்தால் தெரியாது என்பேன்.

நீல நோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். இத்தனை நாள் என்னிடம் இருந்தது போதும். குட்டிக்காக அனுப்பவில்லை, உனக்காக. நேற்று ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து 41-ஆம் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பென்சில் கரி ஒரு துளிகூட இல்லை, அவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் அழுத்தி எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, ஆய்த எழுத்தின் மூன்று புள்ளி மட்டும் தாளில் மூன்று குழியாக அப்படியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலை வைத்துப் பார். மேலிருந்து ஆறாவது வரி.

அம்மா